தேமல் பார்க்கப் போனால் மூக்கைக் காட்டினார்கள்

வீடு வீடாகப் போய், "உணர்ச்சி இல்லாத தேமல் ஏதாவது இருக்குங்களா?" என்று கேட்பதுதான் தொழுநோய்க் களப்பணியாளனான என் பிழைப்பு. கதவு தட்டியே காலம் தள்ளுகிறவர்களே, என் வயிற்றெரிச்சல் உங்களுக்குப் புரியும்.

பூஜ்யம்

கொரோனா வந்ததும் எங்களையெல்லாம் காய்ச்சல் கணக்கெடுக்க அனுப்பிவிட்டார்கள். தொழுநோய்ப் படிவம் மட்டும் மாதம் தவறாமல் மேலே போனது: புதிய நோயாளிகள், பூஜ்யம். எனக்கோ அது பொய்க் கணக்கு என்று தெரியும். ஊரடங்குக்கு முந்தின வாரம்தான் திருவிடைமருதூர்ப் பக்கம் செல்வி என்கிற நடவுக்காரப் பெண்ணின் முன்கையில் ஒரு தேமலைப் பார்த்து, "திங்கக்கிழமை ஆஸ்பத்திரிக்கு வாம்மா" என்று சொல்லியிருந்தேன். அந்தத் திங்கட்கிழமை ஊரே பூட்டிக் கிடந்தது. இந்த நோயை நாள்பட விட்டால் விரல் மடங்கிப்போகும். அப்புறம் நாற்றைப் பிடிக்க முடியாது.

படிவத்தைக் கம்ப்யூட்டரில் ஏற்றும் வசந்தா மேடத்திடம் புலம்பினேன். "தேடாத வரைக்கும் எந்த நோயும் இருக்காது சார்" என்றார்.

பை செய்த வேலை

ஒன்றரை வருஷம் கழித்துப் பழைய வேலைக்கு விட்டதும் நேராகச் செல்வியின் தெருவுக்குப் போனேன். தோளில் கொரோனாப் பரிசோதனைக்குக் கொடுத்த பை. அதைப் பார்த்ததுமே பாதிக் கதவுகள் சாத்திக்கொண்டன. ஒரு பெரியவர் மட்டும் முகக்கவசத்தை இறக்கி, கண்ணை இறுக மூடி, மூக்கைத் தூக்கிக் காட்டினார். "ஐயா, மூக்கு வேணாம், முதுகைக் காட்டுங்க" என்றேன்.

"முதுகு வழியாவும் குச்சி விட ஆரம்பிச்சிட்டீங்களா?"

வரப்பு வைத்தியம்

செல்வி வீட்டில் பூட்டு. கொல்லைப்பக்கமாக வயலுக்கு ஓடிவிட்டதாக எதிர்வீட்டில் சொன்னார்கள். வரப்பில் நின்று பையைத் தலைகீழாக உதறிக் காட்டினேன். குச்சி எதுவும் விழவில்லை, ஒரு பேனாதான் விழுந்தது. அதன்பிறகுதான் சேற்றிலிருந்து ஏறி வந்தாள்.

கண்ணை மூடச் சொல்லிப் பேனா நுனியால் தொட்டேன். மற்ற இடங்களைச் சரியாகத் தொட்டுக் காட்டினாள். தேமலில் தொட்டபோது, "தொடுங்க சார்" என்று காத்திருந்தாள். பயத்தோடு விரல்களைப் பார்த்தேன். ஐந்தும் நன்றாக நீண்டன, மடங்கின. கட்டைவிரல் நாற்றை அழுத்திப் பிடித்தது. எனக்குக் கண் கலங்கிவிட்டது. "தொழுநோய் மாதிரிதாம்மா தெரியுது. டாக்டர்கிட்ட காட்டி மாத்திரை சாப்பிட்டா குணமாயிடும். கை தப்பிச்சிடுச்சு" என்றேன்.

அவள் வரப்பில் உட்கார்ந்து பெருமூச்சு விட்டாள். "நல்லவேளை சார், நான் கொரோனான்னுல்ல பயந்துட்டேன்!"

நோயாளி கிடைத்தாள் என்று ஆபீசுக்கே டீ வாங்கிக் கொடுத்துக் கொண்டாடுகிற உத்தியோகம் உலகத்திலேயே எங்களுடையதுதான்.