அத்தை படகேறிய கதை

என் மாமியார் என் அம்மா வீட்டில் கை நனைத்ததே இல்லை. கல்யாணமாகிப் பதினேழு வருஷம். ஒரு வாய் காப்பித் தண்ணீர்கூட அங்கே குடித்ததில்லை. கேட்டால், "எனுக்குத் தண்ணில கண்டம்மா. ஜாதகத்துலயே எழுதிக்கீது" என்பார்.

அம்மா வீடு பழவேற்காடு ஏரிக்குள் ஒரு தீவுக் குப்பத்தில் இருக்கிறது. ஆரம்பாக்கத்துக்குக் கிழக்கே கரை வரைக்கும் வண்டியில் போய், அங்கிருந்து படகேற வேண்டும். புகுந்த வீடோ பெரியபாளையத்துக்குப் பக்கத்தில், நெல் விளைகிற ஊர். நானும் என் வீட்டுக்காரரும் கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையில் ஒரே கம்பெனியில் வேலை பார்த்தோம், பழகினோம், கட்டிக்கொண்டோம். மீன்பிடிக்கிற வீட்டுப் பெண் நெல்லுக்கார வீட்டுக்கு மருமகளாகப் போனால் ஊர் என்னவெல்லாம் பேசுமோ அத்தனையும் பேசியது. அத்தை மட்டும் ஒரு சொல் பேசவில்லை. வந்த அன்றைக்கே அடுப்பங்கரையை என்னிடம் விட்டுவிட்டு, "காரம் கம்மியா போடு, அது போதும்" என்றார்.

கண்டம் என்பது முழுப் பொய் என்றும் சொல்ல முடியாது. ஆரணி ஆற்றுப் பாலத்தைப் பஸ் தாண்டும்போது அத்தை கண்ணை மூடிக்கொள்வார். ஆற்றில் தண்ணீரே இருக்காது, மணலும் முள்ளும்தான். அப்போதும் மூடிக்கொள்வார். எங்கள் இரண்டு அம்மாக்களும் சந்தித்துக்கொள்வது வருஷத்துக்கு ஒரு முறை, ஆடி மாதத்தில், பெரியபாளையத்து பவானியம்மன் கோயிலில். அம்மா ஒரு பை நிறைய காய்ந்த இறாலோடு வருவார். அத்தை புது அரிசி கொடுப்பார். இருவரும் வேப்பிலைக் குவியலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து ஊர்க்கதையெல்லாம் பேசுவார்கள். கிளம்பும்போது அம்மா தவறாமல் கேட்பார்: "எப்ப அண்ணி நம்ம ஊட்டுக்கு?"

"வரேன் வரேன். இந்தக் கண்டம் கழியட்டும்."

நானும் நம்பிக்கொண்டுதான் இருந்தேன். ஆனால் கடும் கோடையில் எங்கள் பக்கம் ஏரி வற்றி, முழங்கால் தண்ணீரில் ஜனங்கள் நடந்தே கரைக்கு வருவார்கள். அந்த மாதங்களிலும் அத்தை வரவில்லை. புயலில் போன குடிசைக்குப் பதில் அம்மா தளம் போட்டு வீடு கட்டிப் பால் காய்ச்சினார். அதற்கும் வரவில்லை. பட்டுப்புடவையும் குத்துவிளக்கும் மகனிடம் கொடுத்தனுப்பினார். அன்றைக்குப் பந்தியில் ஒருத்தி எல்லோர் காதிலும் விழுகிற மாதிரி சொன்னாள்: "தண்ணியாவது கண்டமாவது! நெல்லுக்காரங்க நம்ம ஊட்ல கை நனைப்பாங்களா?"

அம்மா சம்பந்திக்கென்று தனியாக எடுத்து வைத்திருந்த தலைவாழை இலையைச் சாயங்காலம் ஆட்டுக்குப் போட்டார். அதைப் பார்த்ததும் எனக்கு வயிறு எரிந்தது. அத்தை பயப்படுவது தண்ணீருக்கா, எங்களுக்கா? அதைக் கண்டுபிடிக்காமல் விடுவதில்லை என்று அப்போதே முடிவு செய்துவிட்டேன்.

கம்பெனியில் என் வேலை டிஸ்பேட்ச். எந்த லாரி எந்த வழியாகப் போனால் சரக்கு நேரத்துக்குச் சேரும் என்று பார்ப்பதுதான் எனக்குப் பிழைப்பு. ஒரு வழி அடைத்தால் இன்னொரு வழி கையில் இருக்க வேண்டும். இந்த விஷயத்தையும் அப்படித்தான் எடுத்துக்கொண்டேன். எங்கள் ஏரியில் ஏற மாட்டேன் என்கிறவரை வேறு ஏரியில் ஏற்ற வேண்டும். ஏறிவிட்டால் அப்புறம் கண்டத்தைச் சொல்லித் தப்பிக்க முடியாது அல்லவா?

நம்ம பூண்டி ஏரிக்கு ஊத்துக்கோட்டை கால்வாய் வழியாக வருகிற கிருஷ்ணா ஆறு இருக்கிறதே, அது மேலே நல்லமலைக்குள் அணை கட்டி ஏரியாக நிற்கிறது. அந்த மலை ஏரியில் நாகார்ஜுனசாகரிலிருந்து ஸ்ரீசைலம் வரைக்கும் லாஞ்சு விடுகிறார்கள். படகு வேண்டாம் என்பவர்கள் மலையைச் சுற்றி பஸ்ஸில் போய் அதே ஊரில் இறங்கலாம். போக ஒரு வழி, வர ஒரு வழி. என் தலையில் விளக்கு எரிந்தது. ஸ்ரீசைலம் சாமியைப் பார்க்க வேண்டும் என்பது அத்தையின் நெடுநாள் ஆசை வேறு.

"அத்த, நீங்க பஸ்லயே வரலாம். போட்டுல போறவங்க போவட்டும்" என்றேன்.

"அப்பிடின்னா சரி. எப்ப போலாம்?" என்றார் உடனே.

அங்கேதான் பேஜார். அணை நிறைந்தால்தான் லாஞ்சு ஓடும். படகுத்துறை ஆபீசுக்கு வாராவாரம் போன் போட்டேன். எடுப்பவர் ஒரு பெரியவர். எனக்குத் தெலுங்கு அரைகுறை, அவருக்குத் தமிழ் சுத்தமாகத் தெரியாது. "நீள்ளு லேவம்மா" என்பார். தண்ணீர் இல்லையாம். போகப்போக என் குரலைக் கேட்டதுமே சிரிக்க ஆரம்பித்தார். மழை பெய்து, மேலே ஸ்ரீசைலம் அணை நிறைந்து, மதகு திறந்த செய்தியை டிவியில் பார்த்த அன்று நான் போட்ட கூச்சலில் வீட்டுக்காரர் தட்டோடு எழுந்துவிட்டார்.

"இன்னாடி ஆச்சு?"

"கிருஷ்ணா ரொம்பிடுச்சுங்க!"

"அதுக்கு நீ இன்னாத்துக்குக் குதிக்கிற? ஏதோ திட்டம் போட்டுக்கினு கீற. எனுக்குத் தெரியும்."

திட்டம்தான். வெளியே சொல்லாத பாதியும் அதில் உண்டு. அத்தைக்கு பஸ் ஆகாது. திருவள்ளூருக்குப் போகிற நேர் ரோட்டிலேயே எலுமிச்சம்பழத்தை மூக்கில் வைத்துக்கொண்டுதான் வருவார். மலைப்பாதையில் ஒரு தடவை போய்ப் பார்க்கட்டும், திரும்பும்போது படகே தேவலாம் என்று தானாகச் சொல்லுவார். இதுதான் என் கணக்கு. கெட்ட எண்ணம் என்று யாராவது சொன்னால் சொல்லிக்கொள்ளட்டும். பதினேழு வருஷம் பொறுத்தவள் நான்.

நாங்கள் நாலு பேர் கிளம்பினோம். நான், வீட்டுக்காரர், அத்தை, நாத்தனார். நாத்தனார் அத்தையின் மூத்த மகள், திருநின்றவூரில் இருக்கிறார். ரயிலில் குண்டூர் வரைக்கும் போய், அங்கிருந்து அணைக்குப் போய்ச் சேர்ந்தோம். காலையில் நாஷ்டா முடித்துக்கொண்டு அக்காவும் தம்பியும் லாஞ்சில் ஏறிக் கையாட்டினார்கள். அத்தை துறைக்கே வரவில்லை. தூரத்தில் ஒரு கடையோரம் முதுகைக் காட்டி நின்றுகொண்டிருந்தார். நான் நல்ல மருமகளாக அவரோடு பஸ் ஏறினேன்.

தோர்ணாலா என்கிற ஊர் தாண்டி மலை தொடங்கியது. ஒரு வளைவு, அடுத்த வளைவு. ஓரக்கண்ணால் அத்தையைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். முகம் வெளுத்தது, எலுமிச்சை வெளியே வந்தது. எல்லாம் கணக்குப்படி போகிறது என்று நினைத்த நேரத்தில் எனக்குக் குடலைப் புரட்டியது.

ஐயோ! நடக்கிற வயசுக்கு முன்னாலிருந்தே படகில் ஆடியவள் நான். வாடைக்காற்றில் ஏரி எழும்பிக் குதிக்கும்போதுகூட உட்கார்ந்து சோறு தின்றிருக்கிறேன். எனக்கா வரும் என்ற திமிர். ஆனால் நானும் அன்றுவரை மலை ஏறியதில்லை, அதை யோசிக்கவே இல்லை. அத்தைக்கு வருவதற்குள் எனக்கு வந்துவிட்டது. ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு வாந்தி எடுத்தேன், எடுத்தேன், எடுத்துக்கொண்டே வந்தேன். எடுக்க ஒன்றுமில்லாமல் போன பிறகும் வயிறு விடவில்லை.

அத்தைக்கும் முடியவில்லைதான். ஆனாலும் தன்னிடமிருந்த ஒரே எலுமிச்சையை என் மூக்கில் வைத்துவிட்டு, முந்தானையால் என் வாயைத் துடைத்து, என் தலையை மடியில் சாய்த்துக்கொண்டார். நடுநடுவே நிமிர்ந்து கண்டக்டரைப் பார்த்து, "நைனா, கொஞ்சம் மெதுவா ஓட்டச் சொல்லு, பொண்ணு செத்துப்புடும்" என்று தமிழிலேயே அதட்டினார். அவருக்கு என்ன புரிந்ததோ, பஸ் மெதுவாகத்தான் போயிற்று. வெட்கக்கேடு! யாருக்காகக் குழி வெட்டினேனோ அவர் மடியிலேயே படுத்துக்கொண்டு ஸ்ரீசைலம் போய்ச் சேர்ந்தேன்.

அங்கே நாத்தனார் குளித்துப் பூ வைத்துக்கொண்டு சத்திரத்து வாசலில் நின்றார். "இன்னாமா ஆச்சு ரெண்டு பேருக்கும்? நாங்க போட்டுலயே சாப்ட்டு, ஒரு தூக்கமும் போட்டோம்!" என்றார். அத்தை மகளை முறைத்த முறைப்பு இன்னும் என் கண்ணில் இருக்கிறது.

மறுநாள் தரிசனம் நன்றாக நடந்தது. அதற்கு அடுத்த நாள் திரும்ப வேண்டும். காலையில் பையைக் கட்டும்போது வீட்டுக்காரர் சொன்னார்: "யம்மா, நான் உன்கூட பஸ்ல வரேன். இவ போட்டுல வரட்டும். இவளால பஸ் ஏற முடியாது."

என் திட்டம் அவ்வளவுதான் என்று நினைத்தேன். அத்தை பையின் ஜிப்பை இழுத்து மூடிக்கொண்டே சொன்னார்: "வேணாம். நானும் போட்டுலயே வரேன்."

மூன்று பேரும் அவரையே பார்த்தோம்.

"இன்னா பாக்கறீங்க? கண்டம் தண்ணிலன்னு எழுதினான். அப்ப முந்தாநாளு பஸ்ல இன்னாத்துக்கு எனுக்கு உசுரு போச்சு? அந்த ஜோசியக்காரன் மல ஏறியிருக்க மாட்டான். கெளம்புங்க, சாமியப் பாத்த கையோட போயிடலாம்."

எனக்குத் துள்ள வேண்டும் போலிருந்தது. துள்ளினால் காரியம் கெட்டுவிடும் என்று பையைத் தூக்கிக்கொண்டு முன்னால் நடந்தேன்.

துறையில் ஆரஞ்சு நிற மிதவைச் சட்டையை மாட்டிவிட்டார்கள். பலகையில் கால் வைக்கிற இடத்தில் அத்தை நின்றுவிட்டார். பின்னால் ஆட்கள் நெருக்குகிறார்கள். நான் உள்ளே நின்று கையை நீட்டினேன். அவர் என்னைப் பார்த்தார், தண்ணீரைப் பார்த்தார், கண்ணை மூடிக்கொண்டு காலை எடுத்து உள்ளே வைத்தார். என் மணிக்கட்டை அவர் பிடித்த பிடியில் வளையல் உடைந்தது. உடையட்டும்! என்னைப்போல் ஜெயித்தவள் அந்த லாஞ்சில் வேறு யாருமில்லை.

அத்தை வெகுநேரம் கண்ணைத் திறக்கவே இல்லை, வாய் மட்டும் பவானியம்மா பவானியம்மா என்று முணுமுணுத்தது. இஞ்சின் சத்தம் பழகிய பிறகு ஒரு கண்ணைத் திறந்தார். இரண்டு பக்கமும் மலை நேராகத் தண்ணீருக்குள் இறங்கியது. காடு அடர்ந்திருந்தது. தண்ணீர் பச்சையாக, மடிப்பில்லாமல் கிடந்தது. எனக்கே புதுசு அது. எங்கள் ஏரியில் எந்தப் பக்கம் பார்த்தாலும் வானம்தான். அத்தை இரண்டு கண்ணையும் திறந்து நெடுநேரம் பார்த்தார்.

"இதான் நம்ம பூண்டிக்கு வர்ற தண்ணியா?"

"அதே கிருஷ்ணாதான் அத்த."

"உங்கம்மா ஊட்டுக்குப் போற போட்டும் இப்பிடித்தான் இருக்குமா?"

"அது சின்னது. கூரை கெடையாது. ஆனா ஆழம் இல்ல, எறங்கி நடக்கலாம்."

அத்தை என் மணிக்கட்டை விடாமலே சொன்னார்: "தண்ணிக்குப் பயம் நெசம்தான்மா. ஆனா அது பாதிதான். மீதி பாதி, எங்க ஊர்ல இன்னா சொல்லுவாங்களோன்னு. சம்மந்தி ஊட்ல போயி துன்ட்டு வந்தாளாமேன்னு பேசுவாங்க பாரு, அதுக்கு. தண்ணி மேல பழியப் போட்டுட்டு ஊட்லயே குந்திக்கினேன்."

எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. ஆட்டுக்குப் போன தலைவாழை இலை கண்ணுக்கு முன்னால் வந்து நின்றது. கையை உதறிக்கொண்டு எழுந்து போய்விடலாமா என்று தோன்றியது. ஆனால் முந்தாநாள் என் வாயைத் துடைத்த கை அதுதானே. உட்கார்ந்தே கேட்டேன்: "இப்ப அந்த மீதி பாதிய இன்னா பண்ணப் போறீங்க?"

"உங்கம்மாவுக்குப் போன் போடு. வர்ற ஞாயித்துக்கெழம சாப்பாட்டுக்கு வரேன்னு சொல்லு."

மலைக்குள் சிக்னல் கிடைக்கவில்லை. அணைக்கரை தெரியும்வரை போனைக் கையிலேயே வைத்திருந்தேன். அதற்குள் அத்தை கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்று, பக்கத்தில் இருந்த தெலுங்குக்காரம்மாவுக்கு மலையைக் காட்டிப் பேசிக்கொண்டிருந்தார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை எங்கள் குப்பமே கரையில் நின்றது. அங்கே துறையெல்லாம் கிடையாது. அத்தை புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு படகிலிருந்து தண்ணீரில் இறங்கி நடந்தார். பந்தியில் அன்று வாய்விட்டவள் முன்னால் வந்து, "இன்னா சம்மந்தியம்மா, இப்பதான் வழி தெரிஞ்சுதா?" என்றாள்.

"கிருஷ்ணாவையே தாண்டிட்டேன், இது இன்னா பிரமாதம்?" என்றார் அத்தை நின்றுகூடப் பார்க்காமல்.

அம்மா தலைவாழை இலை போட்டார். மடவை மீன் குழம்பு, இறால் தொக்கு, நண்டு. வாசல் முழுக்கத் தலைகள். அம்மா வாசலைப் பார்த்துக்கொண்டே ஊற்றியதில் குழம்பு இலைக்கு வெளியே சிந்தியது. அத்தை பாட்டுக்குச் சாப்பிட்டார். "அண்ணி, இன்னொரு கரண்டி ஊத்துங்க" என்று வாசலுக்கும் கேட்கிற மாதிரி கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். முடித்ததும் இலையை மடித்துத் தானே கையில் எடுத்துக்கொண்டு எழுந்தார்.

"ஐயோ அண்ணி, வைங்க! வந்தவங்க எலைய எடுக்கலாமா? நான் எடுக்கறேன்" என்று அம்மா பதறிக்கொண்டு ஓடினார்.

"நம்ம ஊட்ல நம்ம எலைய நாமதான் அண்ணி எடுப்போம்" என்று சொல்லிவிட்டு, ஆடு எந்தப் பக்கம் கட்டியிருக்கிறது என்று என்னிடம் கேட்டார்.