பாஞ்சாலியின் புது வயிறு

எண்பத்து மூன்றாம் வருஷம் ஆடி மாசம் திருப்புலிவனத்துப் பாஞ்சாலிக்கு ஒரு மண்ணும் புரியவில்லை. வரிசையாகப் பிள்ளை பெற்றதில் அவள் வயிறு சரிந்து தொடைமேல் தொங்கியது. மடிப்புக்குள் ஆறாத புண், போதாததற்குக் குடல் வேறு பிதுங்கிக்கொண்டு நின்றது. பட்டணத்துப் பெரிய ஆஸ்பத்திரியில் குடலை உள்ளே தள்ளித் தைத்ததோடு, தொங்கின சதையையும் அறுத்தெடுத்துவிட்டார்கள். தொப்புளைக்கூட இடம் மாற்றி வைத்தார்களாம். என்னத்தைச் சொல்ல!

வீட்டுக்கு வந்தவள் வயிற்றில் பட்டைத்துணியை இறுக்கிக் கட்டிக்கொண்டு கூனிக்கூனி நடந்தாள். பார்த்தவர்களெல்லாம் குமரியாகிவிட்டாயே என்று கேலி பேசினார்கள். பேசட்டும். துணியை அவிழ்த்துத் தொட்டால் தொப்புளுக்குக் கீழே தொட்டதே தெரியவில்லையே, அதுதான் அவளை வதைத்தது. கிள்ளினாள். அடுத்தவள் வயிற்றைக் கிள்ளினது போல இருந்தது.

"இது யாரு வயிறு மாமா?" என்று புருஷன் வேதகிரியைக் கேட்டாள்.

"இன்னா கேள்வி இது? உன்னுதுதான்."

"அப்ப ஏன் வலிக்கல?"

"வலிக்கலன்னு அழுவறவள இப்பதான் பாக்கறேன். மரத்துப் போன எடம், மெள்ளத்தான் உணர்ச்சி வரும்னு டாக்டர் சொன்னாரில்ல?"

"வராமயே பூட்டா?"

வேதகிரி பட்டைத்துணியை எடுத்து அவள் கையில் கொடுத்தான்.

இந்த லட்சணத்தில் வேண்டுதலை முடிக்கச் சொல்லி நாத்தனார் தேவகி வந்து நின்றாள். பிழைத்து வந்தால் வயிற்றில் மாவிளக்கு ஏற்றுவதாகப் பாஞ்சாலி அம்மனுக்கு வேண்டிக்கொண்டிருந்தாள். பச்சரிசி மாவும் வெல்லமும் பிசைந்து, நடுவில் குழித்து நெய் ஊற்றித் திரியேற்றி, படுத்திருப்பவள் வயிற்றில் இலை போட்டு வைப்பார்கள்.

"வேண்டிக்கினது அந்த வயித்துக்கு, அண்ணி. அத்தத்தான் ஆஸ்பத்திரியிலயே வுட்டுட்டு வந்துட்டனே! இதுல ஏத்தினா ஆத்தா ஒத்துக்குவாளா?"

"அவகிட்டயே வக்கீல் மாதிரி பேசறியா? வந்து படுடி!"

"காயம் நல்லா ஆறட்டும்க்கா," என்றான் வேதகிரி.

"நீ சும்மா கெடடா," என்று அக்காள் ஒரே போடாகப் போட்டாள்.

வெள்ளிக்கிழமை அம்மன் கோயிலில் பாஞ்சாலி மல்லாந்து படுத்தாள். விளக்கு நின்று எரிந்தது. அவளுக்குச் சூடே தெரியவில்லை.

"மூஞ்சியில ஒரு சுளிப்பு இருக்குதா பாருங்க! எல்லாம் ஆத்தா அருளு!" என்றாள் தேவகி. கூடியிருந்த பெண்கள் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள்.

பாஞ்சாலி கண்ணைத் தாழ்த்தி வயிற்றின்மேல் எரியும் விளக்கைப் பார்த்தாள். அருளா, மரத்த தோலா? வெந்தாலும் இனிமேல் தெரியாதா? அம்மன் முன்னால் இதை எப்படி வாய்விட்டுக் கேட்பது?

காற்றில் திரி சாய்ந்தது. காய்ந்த நெய் இலையைத் தாண்டி வழிந்து, தைத்த தழும்பின்மேல் ஓடியது.

"ஐயோ! சுடுது!"

"கத்தாதடி, குத்தமாயிடும்!" என்று தேவகி பதறினாள். வேதகிரி பாய்ந்து விளக்கை எடுத்தான். தழும்போரம் தோல் கன்றிச் சிவந்திருந்தது. பாஞ்சாலி அதைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தாள். அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தன.

"எரியுது மாமா! எனக்குத்தான் எரியுது!"