நாற்பது பேருக்குப் பன்னிரண்டு நாள்

கணக்கில் முதல் வரி ஒன்று எழுதாமல் விடப்பட்டிருக்கிறது என்பது கோழிக்குத் தவிடு குழைத்துக்கொண்டிருந்தபோதுதான் எனக்குப் பட்டது. கையைக்கூடக் கழுவாமல் மச்சாளிடம் ஓடினேன்.

மச்சாள் என் அண்ணனின் மனைவி. விசுவமடுவில் முன்பள்ளி ஆசிரியை. சாதாரண தரப் பரீட்சையில் கணிதம் மட்டும் அவருக்குச் சித்தியில்லை. இந்த முறையும் தவறினால் அந்த வேலை வேறொருவருக்குப் போய்விடும். உயர்தரம் எழுதிவிட்டுச் சும்மா இருக்க முடியாத நான், பின்னேரங்களில் சொல்லிக்கொடுக்கிறேன்.

"நீ மோட்டர்சைக்கிள்ள பறக்கிறாய் தம்பி. நான் சைக்கிள். கொஞ்சம் நிண்டு போ" என்பார்.

பின்னம், சமன்பாடு எல்லாம் தாண்டி நேர்மாறு விகிதத்தில் நின்றுபோனோம். ஒரு முகாமில் நாற்பது பேருக்குப் பன்னிரண்டு நாட்களுக்கான அரிசி உண்டு. மேலும் எட்டுப் பேர் வந்தால் எத்தனை நாட்களுக்குப் போதும்? நாற்பதைப் பன்னிரண்டால் பெருக்கினால் நானூற்று எண்பது. அதை நாற்பத்தெட்டால் வகுத்தால் பத்து. மச்சாள் திரும்பத் திரும்பப் பன்னிரண்டு என்றே எழுதினார்.

"எப்பிடி மச்சாள் அதே நாள் வரும்? ஆக்கள் கூடிட்டினமெல்லே?"

"கூடினா என்ன? கஞ்சிக்குத் தண்ணியைக் கூட விடுறது. நாங்கள் அப்பிடித்தானே குடிச்சனாங்கள்."

யுத்தம் முடிந்த வருடம் வவுனியாப் பக்கத்து அகதி முகாமில் அவர் பள்ளிச் சிறுமி. நானும் அங்கே இருந்தேனாம். நினைவு நிற்கும் வயதில்லை. கணக்கிலே முகாம் என்றால் எனக்குச் சாரணர் கூடாரம்தான்.

அரிசியை விட்டுக் கிணறு வெட்டும் ஆட்களை வைத்து அதே கணக்கைக் கொடுத்தேன். உடனே சரி.

"பாத்தியே, நான் மொக்கில்லை."

ஆனால் பரீட்சையில் கிணறுதான் வரும் என்று யார் சொல்வது? அந்தப் பன்னிரண்டைச் சிவப்புப் பேனையால் வெட்ட எனக்குக் கை வரவில்லை. வெட்டாமல் விட்டால் பரீட்சையில் வெட்டுவார்கள்.

தவிட்டுக் கையோடு சொன்னேன்: "முதல் வரியா இதை எழுதுங்கோ. ஒருவருக்கு ஒரு நாளைக்குக் கொடுக்கும் அரிசி மாறாது."

"மாறாதெண்டு ஆர் சொன்னது?"

"கணக்கு சொல்லுது மச்சாள்."

"கணக்குக்கென்ன, அது சொல்லும்."

பேனையை எடுத்தார். 'ஒருவருக்கு' என்று எழுதினார். பிறகு அடுப்பைப் பார்க்க வேண்டும் என்று குசினிக்குள் போய்விட்டார். அடுப்பில் ஒன்றும் இருக்கவில்லை.

நாளைப் பின்னேரம் அதே முகாம், அதே அரிசி. வருகிறவர்கள் மட்டும் இருபது பேர். முதல் வரியை அவரே எழுதட்டும். எட்டு நாள் என்ற விடை வரும்வரை நான் வாய் திறப்பதில்லை.