குளிரை நம்பாத ஃப்ரிட்ஜ் மெக்கானிக்

என் தங்கையின் இரண்டாவது மகனை அவன் அம்மாவைத் தவிர யாரும் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. எல்லோருக்கும் அவன் கூலிங். ஃப்ரிட்ஜ் ரிப்பேர் செய்கிறவன். பெட்டிக்குள் கையை விட்டாலே எங்கே குளிர் தங்குகிறது, எங்கே ஒழுகுகிறது என்று சொல்லிவிடுவான். அவன் பெண்டாட்டி திரைச்சீலை தைக்கும் கடையில் வேலை செய்கிறாள். ஒருவரை ஒருவர் கிண்டல் செய்தே காலம் தள்ளுகிறவர்கள். கல்யாணமாகிப் பல வருஷம் ஆகியும் குழந்தை இல்லை என்பதுதான் குறை.

"அவளைக் கூட்டிட்டுப் போய் டாக்டர்கிட்ட காட்டுடா" என்பாள் என் தங்கை. அவளை மட்டும். எங்கள் வகையறாவில் எங்கள் சித்தி, பெரிய மாமாவின் மகள், கடைசி நாத்தனார் என்று பிள்ளை இல்லாமல் தவித்த எல்லோரையும் அப்படித்தான் அனுப்பினார்கள். புருஷன்மார் ஆஸ்பத்திரி வாசலைக்கூட மிதித்ததில்லை.

ஆனால் டாக்டரம்மா முதலிலேயே, இரண்டு பேருக்கும் டெஸ்ட் எடுக்க வேண்டும் என்றார். கூலிங் முரண்டு பிடித்தான்.

"எனக்கென்ன, கல்லு மாதிரி இருக்கேன்."

"ஃப்ரிட்ஜ் ஓடலைன்னா முதல்ல பிளக்கைத்தானே பாக்கறீங்க? போய்ப் பாத்துட்டு வாங்க" என்றாள் பெண்டாட்டி.

பார்த்ததில் அவளுக்குக் கருக்குழாயில் அடைப்பு, அவனுக்கும் உயிரணு குறைவு. தானாகத் தங்குவது கஷ்டம். வெளியே கண்ணாடிக் கிண்ணத்தில் கருவை உண்டாக்கி உள்ளே வைக்கலாம். வைத்ததெல்லாம் தங்கும் என்று வாக்குக் கொடுக்க முடியாது. டாக்டரம்மா இதையெல்லாம் ஒளிக்காமல் சொல்லிவிட்டார். ஐ.வி.எஃப். என்று அதற்குப் பெயர்.

முதலில் முட்டைகள் நிறைய முதிர்வதற்காகத் தினமும் வயிற்றில் ஊசி. வீட்டிலேயே போட்டுக்கொள்ளக் கற்றுக்கொடுத்த நர்ஸ், மருந்தை ஃப்ரிட்ஜில் வைக்கச் சொன்னாள். கூலிங்குக்குப் பெருமை தாங்கவில்லை. தன் பெட்டியில் குளிர் அதிகமாக அடிக்கும் பின்சுவர் ஓரத்தில் மருந்தை வைத்துவிட்டு, குளிரைக் கூட்டும் குமிழையும் கடைசிவரை திருகிவிட்டான். மறுநாள் பார்த்தால் மருந்து கட்டியாகிக் கிடந்தது.

"கையில வச்சுத் தேய்ச்சா இளகிடும்" என்றான்.

"ஊர்க்காரங்க பாலெல்லாம் காப்பாத்துவீங்க. பொண்டாட்டி மருந்துன்னா இப்படித்தான்" என்றபடி அவள் நர்சுக்குப் போன் போட்டாள்.

"உறைஞ்சதைப் போடக் கூடாதும்மா. இளகினாலும் வேலை செய்யாது. உடனே வேற வந்து வாங்கிக்கங்க, நடுத் தட்டுல வைங்க" என்ற நர்ஸ், "உங்க ஃப்ரிட்ஜ் சரியில்லபோல. நல்ல மெக்கானிக்கா பாத்துக் காட்டுங்க" என்றும் சொல்லிவைத்தாள்.

அதை அப்படியே அவனிடம் சொல்லி அவள் கண்ணில் நீர் வரச் சிரித்தாள். அவன் சிரிக்கவில்லை. உறைந்தது உருப்படாது என்பது அன்றைக்கே அவன் மனதில் ஆணி அடித்தாற்போல் இறங்கிவிட்டது.

பிறகு ஸ்கேன், ரத்தம், மறுபடி ஸ்கேன். அவளுக்கு வயிறு உப்பிக்கொண்டது. காரணமில்லாமல் அழுகை வரும்; தைக்கிற திரையிலேயே முகத்தைத் துடைத்துக்கொண்டு மேலே தைப்பாள். ஒருநாள் மயக்க மருந்து கொடுத்து முட்டைகளை எடுத்தார்கள். அதே நாளில் அவனும் தன் பங்கைக் கொடுத்துவிட்டுக் காதெல்லாம் சிவக்க வெளியே வந்தான். எடுத்த முட்டைகளில் பாதி கருவாகவில்லை. ஆனவற்றிலும் சில வளராமல் நின்றுபோயின. கடைசியில் தேறியது இரண்டு.

"ஒண்ணை இப்ப வைக்கலாம். இன்னொண்ணை உறைய வச்சுப் பத்திரப்படுத்தலாம்" என்றார் டாக்டரம்மா.

"வேணாம் டாக்டர். ரெண்டையும் வச்சுடுங்க. உறைஞ்சா என்ன ஆகும்னு நான் கண்ணால பாத்தவன்."

இரட்டையானால் தாய்க்கும் பிள்ளைகளுக்கும் ஆபத்து கூடும் என்று அவர் சொல்லிப் பார்த்தார். லேப்காரரையும் கூப்பிட்டார். அவர் கூலிங்குக்குப் புரிகிற மாதிரி சொன்னார்: "மெதுவா உறைஞ்சாத்தான் உள்ள ஐஸ் கட்டிக் கிழிக்கும். நாங்க கண்ணு மூடித் திறக்கறதுக்குள்ள உறைய வச்சுடுவோம். ஐஸ் கட்ட நேரமே இருக்காது. ஆனா இளக்கும்போது கட்டாயம் பிழைக்கும்னு சத்தியம் பண்ண மாட்டேன்."

கூலிங் பெண்டாட்டியைப் பார்த்தான்.

"சுமக்கறவ நான். ஒண்ணு போதும்" என்றாள் அவள்.

அந்த ஒன்று தங்கவில்லை. படுத்தே கிடக்க வேண்டாம் என்று சொல்லியிருந்ததால் வேலைக்குப் போய்க்கொண்டுதான் இருந்தாள். ரத்தப் பரிசோதனையில் இல்லை என்று வந்தது. என் தங்கை, "அப்பவே ரெண்டையும்..." என்று ஆரம்பித்தாள்.

"அம்மா, அந்தப் பேச்சு வேணாம்" என்று அடக்கிவிட்டான் கூலிங். அவன் மனதிலும் அதே பேச்சுத்தான் ஓடியது என்பது வேறு விஷயம்.

சில மாதம் ஆஸ்பத்திரிப் பக்கமே போகாமல் இருவரும் மூச்சு விட்டுக்கொண்டார்கள். பிறகு உறைய வைத்திருந்த இன்னொரு கருவை இளக்க நாள் குறித்தார்கள். அன்று காலை வீட்டில் இருப்புக்கொள்ளாமல் பக்கத்துத் தெருவில் ஒரு ரிப்பேருக்குப் போயிருந்தான் கூலிங். லேப்பிலிருந்து போன் வந்தது.

"பிழைச்சிருக்கு சார். உங்க மிசஸைக் கூட்டிட்டு வாங்க."

ஸ்குரூடிரைவரை அங்கேயே போட்டுவிட்டுக் கிளம்பினான்.

"தம்பி, ஃப்ரிட்ஜ் கதவை யாரு மூடறது?" என்று அந்த வீட்டுக்காரம்மா கேட்டது அவன் காதில் விழவேயில்லை.

இந்த முறை தங்கியது. பிறந்த பெண் இப்போது பள்ளிக்கூடம் போகிறாள். வெயிலில் விளையாடிவிட்டு வந்தால் நேராக ஃப்ரிட்ஜைத் திறந்து, முகத்தை உள்ளே நீட்டிக்கொண்டு நிற்பாள்.

"ஊரெல்லாம் போய்க் கதவை மூடுங்கன்னு சொல்றீங்க. உங்க பொண்ணுகிட்டயும் சொல்லுங்களேன்" என்பாள் பெண்டாட்டி.

"நிக்கட்டும் விடு. அவளுக்குக் குளிர் ஒண்ணும் பண்ணாது" என்பான் கூலிங்.