கண்ணில்லாத யானை

பத்திரிகை விளம்பரத்தைப் பார்த்து, பட்டணத்துக் கம்பெனி ஒன்றுக்கு ஒரு வருஷச் சந்தா கட்டினேன். மாதம் ஒரு புதிர்ப் பெட்டி தபாலில் வரும். உள்ளே இருக்கும் அட்டைத் துண்டுகளைச் சேர்த்தால் ஒரு படம் முழுசாகும். நாங்கள் பட்டு நெய்கிறவர்கள். அமாவாசையன்று தறியைத் தொடமாட்டோம். அன்றைக்குப் பொழுது போகுமே என்று ஆசைப்பட்டேன்.

முதல் பெட்டியில் யானைப் படம். தறிக்குப் பக்கத்தில் தரையில் பரப்பி, நானும் என் வீட்டுக்காரரும் மத்தியானம் வரை சேர்த்தோம். யானையின் கண் உள்ள துண்டை மட்டும் காணோம்.

"கால் வைக்கிற குழியில விழுந்திருக்கும்மா" என்று சொல்லி, அமாவாசை என்றும் பாராமல் அவர் தறிக்குழிக்குள் இறங்கித் துழாவினார். எழும்போது தோள் இடித்து, தறியில் நீளவாக்கில் இழுத்துக் கட்டியிருந்த பாவில் ஒரு கை அகலத்துக்கு இழைகள் அறுந்துபோயின. கல்யாணச் சேலை அது! மறுநாள் முழுக்க உட்கார்ந்து ஒவ்வொரு இழையாக முடிந்தோம். துண்டு மட்டும் கிடைக்கவே இல்லை.

கம்பெனிக்கு எழுதினேன். "எங்களிடம் தவறு நேராது. வீட்டில் நன்றாகத் தேடவும்" என்று பதில் வந்தது. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அடுத்த மாதப் பெட்டியைப் பிரித்தால் அதே யானை. அதற்கும் கண் இல்லை!

அதிலிருந்து விளம்பரத்தைப் பார்த்துத் தபாலில் எதையும் வரவழைப்பதில்லை. மூன்றாவது பெட்டியோடு தபால்காரர் வந்து நின்றபோது, என் வீட்டுக்காரர் தறியில் இருந்தபடியே குரல் கொடுத்தார்: "திருப்பி எடுத்துக்கினு போப்பா. அந்தக் கண்ணை அவங்க ஆபீசுலயே தேடச் சொல்லு. எங்க குழியில தேடியாச்சு."

— ஒரு வாசகி, பெரிய காஞ்சிபுரம்