அம்மா ஏறின ப்ளேன்

உங்க அம்மா ஏறின ப்ளேன நீங்க போன்ல புடிச்சிருக்கீங்களா? நான் புடிச்சேன். ப்ளேன் சிக்னல் புடிக்கிற மலிவான யூஎஸ்பி டியூனர் ஒன்ன போன்ல சொருகி, அதோட ஏரியல் வயர எங்க தோட்டத்து லயத்து வீட்டுக் கூரையில கட்டுனா, தூரத்துல பறக்குற ப்ளேனெல்லாம் மேப்ல நம்பரோட புள்ளியா வரும். யுனிவர்சிட்டி கெம்பஸ்ல படிச்ச பந்தா வேற!

அம்மா குவைத்துக்கு வீட்டு வேலைக்குப் போன அன்னைக்கு, "ஏற முந்தி கோல் எடுக்கிறேன்டா"ன்னு சொல்லிட்டுத்தான் போனாங்க. ப்ளேன் கெளம்புற நேரம் தாண்டிருச்சு, ஏறிட்டாங்கன்னு நெனச்சி, கோல் வந்து குழப்பக் கூடாதுன்னு போன ஃபிளைட் மோட்ல போட்டுட்டேன். ப்ளேன் லேட்டுன்னு எனக்கெப்படித் தெரியும்? அவங்க ப்ளேன் நம்பர் மேப்ல வந்ததும், "அந்தா அம்மா!"ன்னு கத்துனேன். தங்கச்சி கை தட்டுனா.

ஃபிளைட் மோட நிப்பாட்டுனா, மிஸ்ட் கோல் மெசேஜா கொட்டுது. ஏற முந்தி அம்மா திரும்பத் திரும்ப கோல் எடுத்திருக்காங்க.

"புள்ளிய புடிச்சிட்டு அம்மாவ விட்டுட்டியேடா லூசு"ன்னு தங்கச்சி அழுதா.

என்ன சொல்ல வந்தாங்களோ. அங்க வேலை செய்ற வீட்டு மேடம் அம்மாவோட போன வாங்கி வச்சிட்டாங்களாம், வெள்ளிக்கிழமை மட்டுந்தான் குடுப்பாங்கன்னு ஏஜென்சில சொன்னாங்க. இன்னைக்கு செவ்வாய்.