மூன்று வீடு கட்டியவனுக்கு ஓர் உத்தியோகம்

கடைசித் தங்கச்சி ஸகியாவுக்கு நிக்காஹ் முடிந்து, வீட்டுச் சாவியை அவள் கையில் கொடுத்த அடுத்த நாள் காலை நளீருக்குச் செய்ய ஒரு வேலையும் இருக்கவில்லை. முப்பத்தாறு வயதில் முதல் தரம் அப்படி.

பதினேழு வருஷமாக அவனுக்கு ஒரே வேலைதான். மூன்று தங்கச்சிமாருக்கு மூன்று வீடு. கட்டாரில் ஆறு வருஷம் களஞ்சியத்தில் நின்றதும் அதுக்குத்தான், ஊருக்கு வந்து லொறி ஓட்டினதும் அதுக்குத்தான். ஏறாவூரில் பெண்பிள்ளைக்கு வீடு கொடுத்துத்தான் கலியாணம். மாப்பிள்ளை அந்த வீட்டுக்கு வந்து குடியிருப்பார். வாப்பா மவுத்தாகி இல்லாமல் போன குடும்பத்தில் அந்தப் பொறுப்பு மூத்த ஆண்பிள்ளையின் தலையில். எத்தனையோ பேர் கூரை ஏறாமல் பாதியில் விட்டிருக்கிறார்கள். நளீர் மூன்றையும் பூசி, பெயின்ற் அடித்து, கிணற்றுக்குக் கட்டும் கட்டி முடித்தான். படிப்பு எட்டாம் வகுப்பு. எட்டு என்ன குறைவா? பட்டம் பெற்ற இஞ்சினியர் கீறின படத்தில் படிக்கட்டு யன்னலை மறைக்குது என்று ஒரு பார்வையில் பிடித்தவன் அவன். அந்த இஞ்சினியர் இன்றைக்கும் நளீரைத் தெருவில் கண்டால் மோட்டார் சைக்கிளை நிறுத்தித்தான் சலாம் சொல்லுவார். சும்மா கிடைக்குமா அந்த மரியாதை?

ஆனால் அன்று காலை அந்த மரியாதையை வைத்துக்கொண்டு என்ன செய்வதென்று தெரியாமல் வாவிக்கரையில் போய் இருந்தான். காற்றில்லை. தண்ணீர் எண்ணெய் பூசினதுபோலக் கிடந்தது. பார்த்துக்கொண்டிருக்க, அதுக்குள்ளே ஒரு தெரு எழும்பி வந்தது. கதவு நிலைகள், புது ஓடுகள், கடைசியில் ஒரு பெரிய களஞ்சியம். சீமெந்து அடுக்கு ஒரு பக்கம், கம்பிக் கட்டு ஒரு பக்கம், நடுவில் ஒரு கதிரை. கதிரையில் இருந்தவனின் முகம் தெரியவில்லை. அவன் இன்னும் குனிந்து பார்த்தான். ஒரு மீன் துள்ளியது. தெரு, களஞ்சியம், கதிரை எல்லாம் வளையம் வளையமாக ஓடிக் கரையில் கரைந்தன.

கைபேசி அடித்தது. கட்டாரிலிருந்து மச்சான் றமீஸ், முதல் தங்கச்சி கைறுன்னிஸாவின் மாப்பிள்ளை.

"மச்சான், விசா ரெடி. வியாழக்கிழமைக்குள்ள முடிவு சொல்லணும். பழைய கம்பனிதான், பழைய வெயில்தான்."

"யோசிச்சுச் சொல்றன்."

"நீங்க யோசிக்கிற ஆளா? மூணு வீடு கட்டக்குள்ள ஒருநாளும் யோசிக்கல்லயே!"

அவன் சொன்னதும் சரிதான். அந்த மணலுக்குத் திரும்பிப் போக நளீருக்கு மனம் இல்லை. ஊரில், இந்தத் தண்ணீரோரத்தில், தனக்கென்று ஒரு தொழில் வேணும். யாருக்காகவும் இல்லாமல் தனக்கென்று அவன் கேட்ட முதல் சாமான் அதுதான். கையில் இருந்தது நாலு நாள்.

பத்திரிகையில் விளம்பரத்தைக் கண்டது ஸகியா. மட்டக்களப்பு நகரில் கட்டடப் பொருள் மொத்த வியாபாரக் கம்பனியொன்று திறக்கப் போகிறது, களஞ்சியப் பொறுப்பாளர் தேவை. அவள் வர்த்தகம் படித்தவள், அண்ணனைக் காக்கா என்றுதான் கூப்பிடுவாள்.

"காக்கா, இப்ப அஞ்சு வருஷத்துக்குப் பிளான் போட்டுத்தான் எல்லாரும் வேல தேடுறாங்க. ஒங்கட பிளான் என்ன?"

"எனக்குக் கூர மட்டும்தான் பிளான் தெரியும் புள்ள. அதுக்கு மேல வானம்."

"நேர்முகத்தில இப்பிடிச் சொல்லிராதீங்க!"

புதன்கிழமை போனான். முன்மேசையில் இருந்த மேனுகா என்ற பிள்ளை அமிர்தகழிக்காரி. படிவத்தைக் கொடுத்து நிரப்பச் சொன்னாள். நளீர் மெதுவாக, அச்சுப்போல எழுதினான். உள்ளே கொழும்பிலிருந்து வந்திருந்த மனேஜர் ஹில்மி அதை வாசித்துக்கொண்டே போய் ஒரு வரியில் நிறுத்தினார்.

"இது என்ன? 'தற்போதைய முகவரி: தங்கச்சி ஸகியாவின் வீடு.' சரி. 'நிரந்தர முகவரி: இன்னும் கிடைக்கவில்லை.' நீங்க ரோட்டுலயா இருக்கிறீங்க?"

"இல்ல சேர். உண்மையத்தான் எழுதினன்."

ஹில்மிக்கு விளங்கவில்லை. மேனுகாவைக் கூப்பிட்டார். அவள் படிவத்தைப் பார்த்ததும் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

"சேர், இந்த நானாவுக்கு இன்னும் பொஞ்சாதி கிடைக்கல்ல. அதால வீடும் கிடைக்கல்ல. எங்கட பக்கம் ஆம்பிளைக்கு விலாசம் கலியாணத்தோடதான் வரும்."

ஹில்மி சிரிக்கவில்லை. "களஞ்சியத்தப் பூட்டித் திறப்பு வெச்சிருக்கிற ஆளுக்கு நிரந்தர விலாசம் கட்டாயம். தங்கச்சிட வீட்டயே எழுதுங்களேன், முடிஞ்சுது."

"அது அவட பேருக்கு எழுதின வீடு, சேர். நான் அங்க இரிக்கன், அவ்வளவுதான். என்டதெண்டு எழுத ஏலாது."

மேனுகா கண்ணால் சாடை காட்டினாள், எழுதிவிடு என்று. நளீர் பேனையைத் தொடவில்லை. கைக்கு வந்த உத்தியோகம் ஒரு வரியில் போகப் போவது அவனுக்குத் தெரியும். ஆனாலும் கொடுத்த வீட்டைக் கடதாசியிலாவது திருப்பி எடுக்கிற ஆளா அவன்?

ஹில்மி படிவத்தை ஒதுக்கி வைத்தார். பிறகு, சும்மா கேட்கிறதுபோலக் கேட்டார்: "பதினேழு வருஷம் 'வீடு கட்டினேன்' எண்டு போட்டிருக்கு. மேசனா?"

"மேசன் இல்ல சேர், கட்டுவிச்ச ஆள். கல்லு, மணல், கம்பி எல்லாம் நானே பார்த்து எடுத்தது."

"அப்ப சொல்லுங்க பாப்பம். வாவியோரத்தில வளவு உள்ள ஒருத்தர் வாறார். சீமெந்தும் கம்பியும் கேக்கிறார். என்ன குடுப்பீங்க?"

"ஒண்டும் குடுக்க மாட்டன்."

"என்னது?"

"முதல்ல அவர்ர வளவுக்குப் போய்க் கிணத்துத் தண்ணிய நாக்கில வெச்சுப் பாப்பன். உப்புக் கரிச்சா, அதில கொங்கிரீட் குழைக்கக் கூடாது. உள்ளுக்குள்ள கம்பி கறள் பிடிச்சு, எட்டு வருஷத்தில தூண் வெடிக்கும். நல்ல தண்ணி கொண்டுவர பவுசர் லொறிக்குச் சொல்லிப்போட்டுத்தான் மத்தது. கரையில அள்ளின மணலும் ஆகாது. மூத்த தங்கச்சி கைறுன்னிஸாட வீட்டில எனக்கு ஒரு தூண் போச்சு சேர். உடைச்சுத் திரும்பக் கட்டினன். அப்ப படிச்ச படிப்பு."

"இப்பிடி வாறவன எல்லாம் திருப்பி அனுப்பினா நாங்க யாருக்கு விக்கிற?"

"ஒருத்தருக்கு உண்மையச் சொன்னா அந்த ஒழுங்கையில உள்ள சனம் முழுக்க நம்மளத் தேடி வரும் சேர். வீடு கட்டுறவன் தனியாக் கட்டுறல்ல, அவன்ட மச்சினன் கட்டுவான், பக்கத்து வளவுக்காரன் கட்டுவான். இந்த ஊர்ப் பக்கம் பொம்பிளப் பிள்ள பிறக்கிற காலமெல்லாம் வீடு கட்டுவாங்க."

மேனுகா, "அது மெய், சேர்," என்றாள். "எங்கட அப்பாவும் இப்ப அத்திவாரத்துக்கு நாள் பாக்கிறார்."

ஹில்மி பேனையைத் திறந்து மூடினார். பின்பு, களஞ்சியப் பொறுப்பாளர் என்று படிவத்தின் தலையில் இருந்ததை வெட்டி, வெளிக்கள விற்பனை ஆலோசகர் என்று எழுதினார்.

"திறப்பும் இல்ல, கதிரையும் இல்ல. வாவியச் சுத்தி வீடு எங்க எழும்புதோ அங்க போகணும். தற்போதைய விலாசம் போதும். ஒண்டாந் தேதி வாங்க."

நளீர் வெளியே வந்தபோது வெயில் வெள்ளையாக எரிந்துகொண்டிருந்தது. கால் நிலத்தில் படுகிறதா என்று அவனுக்கே சந்தேகம். வாசலில் நின்றபடி கட்டாருக்கு எடுத்தான்.

"மச்சான், அந்த விசாவ வேற யாருக்காவது குடு."

"ஏன், மாப்பிள்ள கேட்டு வந்துட்டாங்களா?"

"அத விடக் கஷ்டமான சாமான் கிடைச்சிரிக்கி. உத்தியோகம்."

"என்ன உத்தியோகம்?"

"ஊரான்ட வீட்டக் கட்டுற உத்தியோகம்."

"இவ்வளவு நாளும் அதத்தானே செஞ்சீங்க!" றமீஸ் சிரித்த சிரிப்பில் தொடர்பே அறுந்துபோனது.

ஏறாவூர் றோட்டில் அவன் மோட்டார் சைக்கிளை இருபதுக்கு மேலே ஓட்டவில்லை. தன்னாமுனையில் ஒரு பக்கம் வாவி பளபளத்துக்கொண்டு கூடவே வந்தது. காற்றில் ஈரச் சீமெந்து வாசம். எங்கேயோ ஒரு மண்வெட்டி கல்லில் உரசியது. கழுத்தளவு சுவர் எழும்பின ஒரு வளவில், ஒரு மனிதர் தலையில் துவாயைப் போட்டுக்கொண்டு தனியாகக் கல் இறக்கிக்கொண்டிருந்தார். ஒண்டாந் தேதிக்கு இன்னும் ஒன்பது நாள். நளீர் மோட்டார் சைக்கிளைச் சரித்து நிறுத்தினான். சட்டைக் கையை மடித்துக்கொண்டே உள்ளே நடந்தான்.

"அண்ணே, கொஞ்சம் பொறுங்க. அந்த மூலச் சுவர் உள்ளுக்குச் சாயுது."